மனம் கலங்கியவருக்கு அவசர உதவி

வயலில் ஒருவரைப் பாம்பு தீண்டினாலும், கூரையில் தீப்பற்றினாலும், கிணற்றில் குழந்தை விழுந்தாலும் என்ன செய்ய வேண்டும் என்பதை நம் கிராம மக்கள் ஓரளவு அறிந்திருக்கிறார்கள். ஊரே ஓடி வந்து உதவுகிறது. ஆனால் ஒருவருக்குத் திடீரெனச் சித்தம் கலங்கி, அவர் கூச்சலிட்டு, கையில் கிடைத்ததை எடுத்து வீசத் தொடங்கினால், அதே ஊர் செய்வதறியாது திகைக்கிறது. சிலர் வேடிக்கை பார்க்கின்றனர், சிலர் அடிக்கின்றனர், நல்லெண்ணம் கொண்டவர்களும் கயிற்றைத் தேடுகின்றனர். இதுவும் மாரடைப்பைப் போன்று ஒரு மருத்துவ அவசரமே என்பது பலருக்குத் தோன்றுவதில்லை.

இத்தகைய சமயத்தில் 108 என்ற எண்ணை அழைக்கலாம். தமிழ்நாட்டில் இச்சேவை 2008 ஆம் ஆண்டு முதல் நடைபெற்று வருகிறது. அழைத்ததும் வரும் ஆம்புலன்ஸ் வண்டியில் சாதாரணமாக இருவரே இருப்பர்: ஒருவர் ஓட்டுநர், மற்றவர் அவசர மருத்துவ உதவியாளர். வெறிகொண்டு நிற்கும் ஒருவரை இந்த இருவர் எவ்வாறு பத்திரமாக மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல முடியும்? அதற்கெனத் தேர்ந்த முறைகள் உள்ளன. அவற்றை ஊராரும் அறிந்திருந்தால்தான் அந்த இருவரின் வேலை நிறைவேறும்.

முதலில் பார்வை, பிறகு நடை

பயிற்சி பெற்ற உதவியாளர் வண்டியை விட்டு இறங்கியதும் நோயாளியிடம் ஓடுவதில்லை. சற்றுத் தொலைவில் நின்று இடத்தை நோக்குகிறார். அருகில் அரிவாள், கடப்பாறை, மண்வெட்டி ஏதேனும் உள்ளதா? பூச்சிமருந்துப் புட்டி கிடக்கிறதா? கைப்பிடிச் சுவரில்லாத கிணறு பக்கத்தில் இருக்கிறதா? வீட்டுக்குள் குழந்தைகள் அகப்பட்டுக் கொண்டிருக்கிறார்களா? தாம் வெளியேறுவதற்கு வழி எது? இவற்றையெல்லாம் பார்த்த பின்னரே அவர் அடியெடுத்து வைக்கிறார். நோயாளியின் கையில் ஆயுதம் இருக்குமானால் போலீஸ் வரும்வரை தொலைவில் நிற்பதே முறை. உதவ வந்தவர் வெட்டுண்டு விழுந்தால் உதவி செய்ய ஆளில்லாமற் போகும்; ஒரு நோயாளிக்குப் பதிலாக இருவர் ஆகிவிடுவர்.

வீட்டுக்குள் செல்ல நேர்ந்தால் வாயிலை நோயாளியும் உதவியாளரும் இருவருமே எளிதில் அடையக் கூடிய வண்ணம் அவர் நின்று கொள்கிறார். வழி அடைபட்டது என்று எண்ணும் மனிதன் அஞ்சுகிறான், அஞ்சுகிறவன் தாக்குகிறான். மனம் கலங்கியவர்களில் பெரும்பாலோர் பிறரைத் துன்புறுத்த விரும்புகிறவர்கள் அல்லர். தம்மையே யாரோ கொல்ல வருவதாக அஞ்சி நடுங்குகிறவர்களே மிகுதி. இதை மனத்திற் கொண்டால் மற்றவை எளிதில் விளங்கும்.

சொல்லே முதல் மருந்து

அடுத்தது பேச்சு. கலங்கியவரைப் பேச்சினால் அமைதிப்படுத்தும் முறைகளை அமெரிக்காவின் அவசர மனநல மருத்துவர் சங்கத்தினர் 2012 ஆம் ஆண்டில் தொகுத்து வெளியிட்டனர். அவை எந்த ஊருக்கும் பொருந்துவன.

ஒருவரே பேச வேண்டும். பத்துப் பேர் பத்து விதமாகச் சொன்னால் தெளிந்த மனமும் கலங்கும். பேசுபவர் இரண்டு கை நீளத்திற்குக் குறையாத இடைவெளி விட்டு, நேருக்கு நேராக மார்பை நிமிர்த்தி நில்லாமல் சற்றே பக்கவாட்டில் நிற்க வேண்டும். கைகள் வெளியே தெரிய வேண்டும். முதுகுக்குப் பின் மறைத்தால் ஆயுதம் இருப்பதாக நோயாளி எண்ணக் கூடும். முறைத்துப் பார்ப்பதும், விரலை நீட்டுவதும், சிரிப்பதும் கூடா.

தாம் யார் என்பதை முதலிற் சொல்ல வேண்டும். “ஐயா, நான் ஆம்புலன்ஸில் வந்திருக்கிறேன். உங்களுக்கு உதவி செய்யவே வந்தேன். உங்களை யாரும் அடிக்க விட மாட்டேன்.” வாக்கியங்கள் சிறியனவாக இருத்தல் வேண்டும். ஒன்றைச் சொல்லிவிட்டு, அது மனத்திற் பதிய நேரம் கொடுத்து, தேவையானால் அதையே மீண்டும் சொல்ல வேண்டும்.

“சுவருக்குள்ளிருந்து யாரோ என்னைத் திட்டுகிறார்கள்” என்று அவர் கூறினால், “அப்படி ஒன்றுமில்லை, உளறாதே” என்று வாதிடலாகாது. அவருக்கு அக்குரல் மெய்யாகவே கேட்கிறது. அதற்காக “ஆமாம், எனக்கும் கேட்கிறது” என்று பொய் சொல்லுதலும் தவறு. “எனக்குக் கேட்கவில்லை. ஆனால் உங்களுக்குக் கேட்பதால் எவ்வளவு அச்சமாக இருக்கும் என்பது தெரிகிறது” என்பதே தக்க பதில். பின்னர் அவரே தேர்ந்து கொள்ளுமாறு இரண்டு சிறு வழிகளைக் காட்ட வேண்டும்: “தண்ணீர் குடித்துவிட்டு வருகிறீர்களா, அல்லது வண்டியில் ஏறிக் குடிக்கிறீர்களா? அம்மா கூட வரட்டுமா, தம்பி வரட்டுமா?” தம் கையில் ஏதோ சிறிது அதிகாரம் இருக்கிறது என்ற உணர்வு பலருடைய அச்சத்தைத் தணித்துவிடும். அதே வேளையில் எல்லையையும் தெளிவாகக் கூற வேண்டும்: “நீங்கள் கோபப்படலாம், கல்லை எறிய வேண்டாம்.”

இவ்வாறு பேசுவதற்குச் சில நிமிடங்கள் ஆகும். அந்தச் சில நிமிடங்கள் வீணல்ல. மல்லுக்கட்டித் தூக்கிச் செல்வதைக் காட்டிலும் பல சமயங்களில் இதுவே விரைவான வழியாக முடிகிறது.

பித்தா, உடல் நோயா?

பார்ப்பதற்குப் பித்துப் போலத் தோன்றும் நிலைகளிற் பல உண்மையில் உடல் நோய்களே. ஆகவே நோயாளி தொட அனுமதித்தவுடன் உதவியாளர் நாடி, மூச்சு, உடற்சூடு, இரத்த அழுத்தம் ஆகியவற்றைப் பார்க்கிறார். விரலில் ஒரு சிறு கருவியை மாட்டி இரத்தத்திலுள்ள பிராணவாயுவின் அளவை அறிகிறார். விரல் நுனியில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துச் சர்க்கரையைச் சோதிக்கிறார்.

இந்த ஒரு சொட்டு இரத்தம் உயிரைக் காக்க வல்லது. நீரிழிவுக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுத்துக் கொண்டு, வேளைக்கு உண்ணாமல் வயலில் உழைத்த ஒருவருக்குச் சர்க்கரை 70 மில்லிகிராமுக்கும் கீழே வெகுவாகத் தாழ்ந்து போனால், அவர் வியர்த்து, நடுங்கி, வாய்க்கு வந்தபடி பேசி, பிறரைத் தள்ளுவார். ஊரார் அவரைக் குடிகாரர் என்றோ பித்தர் என்றோ எண்ணிக் கட்டிப் போட்டால், மூளை சர்க்கரையின்றிச் சேதமடையும். விழுங்கும் நிலையில் இருப்பவருக்குச் சர்க்கரை கரைத்த நீர் கொடுத்தால், சிறிது நேரத்தில் அவரே எழுந்து “என்ன நடந்தது?” என்று கேட்பார். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றலாகாது. அவருக்கு ஊசி வழியாகவே செலுத்த வேண்டும்.

குடிப்பழக்கம் முற்றியவர் திடீரென்று குடியை நிறுத்தினால், பெரும்பாலும் இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சன்னி காண்பதுண்டு. உடல் நடுங்கும், வியர்க்கும், இல்லாத பூச்சிகளும் உருவங்களும் கண்ணுக்குத் தெரியும். வலிப்பும் வரலாம். மருத்துவமின்றி விட்டால் இது உயிரையே பறிக்கும். தலையில் அடிபட்டவர், மூளைக் காய்ச்சல் கண்டவர், கடும் வெயிலில் வாடியவர், வலிப்பு வந்து தெளிந்து கொண்டிருப்பவர் ஆகியோரும் இவ்வாறே நடந்து கொள்ளக் கூடும். ஊமத்தங்காயை உண்டவருக்கு வாய் உலர்ந்து, கண்மணி விரிந்து, பிதற்றல் காணும். பூச்சிமருந்து உடலில் ஏறியவருக்குக் கண்மணி ஊசிமுனை போலச் சுருங்கி, வாயில் எச்சில் பெருகும்.

பிரசவமான பெண்ணைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். குழந்தை பிறந்த முதற் சில வாரங்களுக்குள் தூக்கமின்றி, அடையாளம் தெரியாதபடி பேசி, குழந்தையைப் பற்றி விபரீதமான எண்ணங்களை வெளியிடும் தாய்க்கு உடனே மருத்துவம் வேண்டும். அவளையும் குழந்தையையும் தனித்து விடலாகாது. பேயோட்டுவதற்காகக் கழியும் ஒவ்வொரு நாளும் இரண்டு உயிர்களுக்கு ஆபத்தான நாளாகும். இந்நோய் மருத்துவத்தால் நன்கு குணமாவது.

கட்டுவது கடைசி வழி

பேச்சும் பயனளிக்காமல், அக்கணமே தமக்கோ பிறருக்கோ உயிராபத்து விளைவிக்கும் நிலையில் ஒருவர் இருந்தால் மட்டுமே அவரைப் பிடித்து நிறுத்த வேண்டியிருக்கும். அதற்குக் குறைந்தது ஐந்து பேர் வேண்டும்: கை கால்களுக்கு ஒவ்வொருவராக நால்வர், தலையைத் தாங்கி, பேசிக் கொண்டே மூச்சைக் கவனிக்க ஒருவர். வண்டியில் வருபவர்கள் இருவரே என்பதை நினைவு கூர்க. எஞ்சிய கைகள் போலீசாருடையவையாகவோ ஊராருடையவையாகவோ இருக்கும். ஆகவே இங்கு ஒரு விதியை ஒவ்வொருவரும் மனத்திற் பொறித்துக் கொள்ள வேண்டும்.

எவரையும் குப்புறக் கிடத்தி முதுகில் அமரலாகாது.

மல்லுக்கட்டும் உடலுக்குச் சாதாரணமாக வேண்டியதைவிடப் பல மடங்கு காற்று வேண்டும். குப்புறக் கிடத்தி, முதுகிலோ கழுத்திலோ முழங்காலை ஊன்றினால் மார்பு விரிய இடமில்லை. வயிறும் அசைய முடியாது. அவர் மூச்சுக்காகத் திமிறுவார். பிடித்திருப்பவரோ அதை வெறி என்று எண்ணி மேலும் அழுத்துவார். சில நிமிடங்களில் திமிறல் நின்று போகும். “அடங்கிவிட்டான்” என்று எல்லோரும் பெருமூச்சு விடும் அந்த நொடியில் அவருடைய மூச்சே அடங்கியிருக்கலாம். பல நாடுகளில் இவ்வாறு மரணங்கள் நேர்ந்துள்ளன. திமிறிக் கொண்டிருந்தவர் திடீரென்று அமைதியானால், அது ஓர் அபாய அறிகுறி என்று கொண்டு உடனே மூச்சையும் நாடியையும் பார்க்க வேண்டும்.

எனவே நோயாளியை மல்லாக்கவோ ஒருக்களித்தோ கிடத்தி, தலைப்பக்கத்தைச் சற்றே உயர்த்தி வைக்கின்றனர். கைகளைப் பின்புறமாகப் பிணைப்பதில்லை. தாம்புக் கயிறு, கம்பி, சங்கிலி ஆகியவற்றை உபயோகிப்பதில்லை; அகன்ற மெல்லிய பட்டைகளையே உபயோகிக்கின்றனர். பட்டைக்கும் தோலுக்கும் இடையே விரல் நுழைகிறதா, கை குளிர்ந்து நீலமாகிறதா என்று அடிக்கடி பார்க்கின்றனர். மார்பின் மேலும் கழுத்தின் மேலும் எப்பாரமும் கூடாது. வாயையும் மூக்கையும் மூடலாகாது. உறக்க மருந்து தேவையென்றால் அது மருத்துவரின் ஆணைப்படியே கொடுக்கப்படும். கொடுத்த பின் மூச்சைக் கவனிப்பது இரட்டிப்புக் கடமையாகும். ஆபத்து நீங்கியவுடன் கட்டை அவிழ்த்துவிட வேண்டும்.

தற்கொலை எண்ணம்

கடன், பயிர் நாசம், குடும்பப் பூசல், தீராத நோய் ஆகியவற்றால் மனம் ஒடிந்து உயிரை மாய்த்துக் கொள்ள முயல்பவர்களுக்காகவும் ஆம்புலன்ஸ் அழைக்கப்படுகிறது. அத்தகையவரிடம் “உயிரை விட எண்ணுகிறீர்களா?” என்று நேரே கேட்டால், இல்லாத எண்ணத்தைத் தூண்டிவிடுமோ என்று பலர் அஞ்சுகின்றனர். அவ்வச்சம் தேவையற்றது என்று ஆராய்ச்சிகள் தெளிவாக்கியுள்ளன. அன்போடு நேரடியாகக் கேட்பது, அடைத்து வைத்ததைக் கொட்ட வழி செய்கிறது. ஆகவே உதவியாளர் கேட்கிறார். பதிலைக் குறுக்கிடாமல் கேட்டுக் கொள்கிறார். நஞ்சு, கயிறு, கத்தி முதலியவற்றை அகற்றச் செய்கிறார். மருத்துவமனை சேரும்வரை ஒரு நொடியும் அவரைத் தனியே விடுவதில்லை.

பூச்சிமருந்தைக் குடித்துவிட்டவருக்கு உப்புநீரும் சாணக் கரைசலும் புகட்டி வாந்தி எடுக்கச் செய்வது இன்றும் சில இடங்களில் காணப்படும் கொடிய வழக்கம். மருந்து மூச்சுக் குழாயில் ஏறி உயிரைப் போக்க இது ஏதுவாகிறது. நோயாளியை இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்து, மருந்து பட்ட உடைகளைக் கழற்றி, தோலை நீரால் கழுவி, மருந்துப் புட்டியை அதன் சீட்டுடன் மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். தொடுகிறவர்கள் கையுறை அணிவது நலம்.

சட்டம் சொல்வது

வழக்கு வருமோ என்ற அச்சத்தால் பலர் ஆம்புலன்ஸை அழைக்கத் தயங்குகின்றனர். 2017 ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே 29 முதல் நடைமுறையில் உள்ளது. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதப்பட வேண்டும் என்றும், அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் அளிப்பது அரசின் கடமை என்றும் அதன் 115 ஆம் பிரிவு கூறுகிறது. தற்கொலை முயற்சியைத் தண்டித்து வந்த பழைய 309 ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த புதிய தண்டனைச் சட்டத்தில் இடம் பெறவில்லை. அரசு ஊழியரைக் கடமை செய்யவொட்டாது நிர்ப்பந்திக்கும் நோக்கத்துடன் செய்யும் முயற்சி மட்டுமே அதிற் குற்றமாக உள்ளது. ஆகவே உயிருக்குப் போராடுபவரை மறைத்து வைக்க எக்காரணமும் இல்லை.

அவசர நிலையில், பதிவு பெற்ற எந்த மருத்துவரும் 72 மணி நேரம் வரை மனநோய்க்கு உடனடிச் சிகிச்சை அளிக்கலாம் என்று 94 ஆம் பிரிவு வழி செய்கிறது. நோயாளியின் பிரதிநிதி கிடைக்கக் கூடியவராயின் அவருடைய சம்மதம் பெறுதல் வேண்டும். மனநல மருத்துவமனைக்குக் கொண்டு செல்வதும் இதில் அடங்கும். ஆதரவின்றித் தெருவில் திரியும் மனநோயாளரைப் போலீசார் தம் பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனையில் சேர்ப்பிக்க வேண்டும். லாக்கப்பில் அடைக்கலாகாது என்று 100 ஆம் பிரிவு விதிக்கிறது. மனநோயாளரை எவ்விதத்திலும் சங்கிலியாற் பிணைப்பதை 95 ஆம் பிரிவு முற்றிலும் தடை செய்கிறது.

இத்தடையின் பின்னே நம் மாநிலத்தின் துயரம் ஒன்றுண்டு. இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் 2001 ஆகஸ்டு 6 ஆம் நாள் விடியற்காலையில் மனநோயாளர் தங்கியிருந்த தனியார் விடுதி ஒன்றில் தீப்பற்றியது. சங்கிலியிற் பிணைக்கப்பட்டிருந்தவர்களால் தப்பி ஓட இயலவில்லை. 28 பேர் மாண்டனர். அவர்களை அங்கு கொண்டு விட்டவர்கள் குணமாக வேண்டும் என்று விரும்பிய குடும்பத்தாரே. அன்பு இருந்தது, அறிவோடு கூடிய உதவி அவர்களுக்குக் கிட்டவில்லை.

பிற நாடுகளில்

அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் 1987 ஆம் ஆண்டில் கத்தியுடன் நின்ற மனநோயாளர் ஒருவரைப் போலீசார் சுட்டுக் கொன்றனர். மக்கள் கொதிப்படைந்தனர். மறு ஆண்டே, மருத்துவர்களும் நோயாளர் குடும்பத்தினரும் சேர்ந்து போலீசாருக்கு 40 மணி நேரப் பயிற்சி அளிக்கும் திட்டம் அங்கு தொடங்கப்பட்டது. அம்முறை இன்று பல நகரங்களிற் பரவியுள்ளது. சுவீடனின் தலைநகரான ஸ்டாக்ஹோமில் 2015 முதல் மனநல அவசரத்துக்கென்றே தனி ஆம்புலன்ஸ் ஒன்று இயங்கத் தொடங்கியது. மனநலச் செவிலியர்கள் அதிற் செல்கின்றனர். இரண்டும் உணர்த்துவது ஒன்றே: முதலில் வந்து சேர்பவருக்குப் பேசத் தெரிந்திருந்தால் பலாத்காரத்தின் தேவை குறைகிறது. நம் கிராமங்களில் முதலில் வந்து சேர்பவர் பக்கத்து வீட்டுக்காரரே.

பஞ்சாயத்தின் பங்கு

108-ஐ அழைக்கும்போது “ஒருவருக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது” என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடலாகாது. கையில் ஆயுதம் உண்டா, எப்போது தொடங்கிற்று, நீரிழிவோ வலிப்போ உண்டா, குடிப்பவரா, ஏதேனும் குடித்துவிட்டாரா என்பனவற்றைக் கூற வேண்டும். அதற்கேற்பவே உதவியாளர் ஆயத்தமாக வருவார். ஒருவர் சாலை முனையில் நின்று வண்டிக்கு வழி காட்டட்டும். மற்றொருவர் நோயாளி உண்ணும் மாத்திரைகளையும் மருத்துவச் சீட்டுகளையும் எடுத்து வைக்கட்டும். வேடிக்கை பார்க்கும் கூட்டத்தைக் கலைப்பதும், கைப்பேசியிற் படம் பிடிப்பதைத் தடுப்பதும் பஞ்சாயத்து உறுப்பினர் செய்யத் தக்க பேருதவிகளாகும். நோயாளி நம்பும் ஒருவர், அவர் தாயாயினும் பள்ளித் தோழராயினும், அருகிருந்து தணிந்த குரலிற் பேசட்டும்.

உயிராபத்து இல்லாத மனத்துயரங்களுக்கு 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் மனநல ஆலோசனை கிடைக்கிறது. மத்திய அரசின் இந்தச் சேவை 2022 அக்டோபரில் தொடங்கப்பட்டது. மாநில அரசின் 104 மருத்துவ உதவி எண்ணையும் அழைக்கலாம். மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவரை அரசுத் தலைமை மருத்துவமனை வாயிலாக அணுகலாம்.

மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, ஜனவரி 26 முதலிய நாட்களில் கிராம சபை கூடுகிறது. அடுத்து வரும் கூட்டத்தில் இப்பொருளுக்கு அரை மணி நேரம் ஒதுக்குக. ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரை அழைத்துப் பேசச் செய்க. மேற்கூறிய எண்களைப் பஞ்சாயத்து அலுவலகச் சுவரிலும், நியாய விலைக் கடையிலும், பூச்சிமருந்துக் கடையிலும் எழுதி வைக்க ஏற்பாடு செய்க. ஊரில் எவரேனும் கட்டி வைக்கப்பட்டிருந்தால் அக்குடும்பத்தைப் பழிக்காமல், மருத்துவத்துக்கு வழி காட்டுக.

சிகிச்சை பெற்றுத் திரும்புகிறவர்களிற் பலர் முன்போலவே ஏர் பிடிக்கவும், நாற்று நடவும், குடும்பத்தைப் பேணவும் வல்லவர்கள். மாத்திரையை நிறுத்தாமல் உண்ணும்படி அவருக்கு நினைவூட்டி, பழையதைச் சொல்லிக் காட்டாமல், நாளைய வேலைக்கு அவரையும் அழைக்கும் ஊரில், ஆம்புலன்ஸ் மறுமுறை வர வேண்டிய தேவை குறையும்.